லால்குடி ஜயராமனின் வர்ணங்களும் தில்லானாக்களும்

நமது கர்நாடக சங்கீதத்தில் ஓர் உருப்படியை இயற்றியவர் யார் என்று பேச்செடுத்த மாத்திரத்திலேயே, தம்பூராவை மீட்டிக்கொண்டு இஷ்ட தெய்வத்தின் சந்நிதியில் உள்ளம் உருகிப் பாடும் ஒரு பக்தரின் திருவுருவம் மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பு. சொல்லையும் இசையையும் ஒருங்கே படைப்பவரை வாக்கேயகாரர் என்று போற்றும் ஸம்பிரதாயத்தில், சொல்லுக்கும் அதைச் சுமந்து வரும் குரலுக்கும் முதலிடம் வாய்த்ததில் வியப்பில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதர் வைணிகர் என்பதையும், அவருடைய கிருதிகளின் நீண்ட கமகங்களில் வீணையின் நாதம் ஊடாடி நிற்கிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். வீணை குப்பய்யரின் பெயரிலேயே வாத்தியம் குடிகொண்டிருக்கிறது. ஆயினும், பாடகருக்கு இடப்புறம் அமர்ந்து, அவர் பாடியதைப் பின்பற்றி வாசிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒரு வயலின் வித்வான், தம் வில்லிலிருந்தே ஒரு படைப்புத் தொகுதியைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதையும், அத்தொகுதி குரலிசைக்கும் நாட்டியத்துக்கும் ஒருசேர உரிய செல்வமாகிவிடக்கூடும் என்பதையும் நாம் போதிய சிரத்தையுடன் சிந்தித்ததில்லை. லால்குடி ஜி. ஜயராமனின் வாழ்வும் பணியும் இந்தச் சிந்தனையை நம்மீது வற்புறுத்துகின்றன.

அவர் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய வாசிப்பை நேரில் கேட்டு அனுபவித்த தலைமுறை மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது, ஒலிப்பதிவுகள் எஞ்சியிருக்கின்றன. ஆனால் அவர் பெயரை அறியாத ஒரு சிறுமிகூட, ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு நாட்டியப் பள்ளியில், அவருடைய தில்லானாவுக்கு இன்று அடவு பயின்றுகொண்டிருப்பாள். வாசிப்பின் கீர்த்தியைவிட இயற்றியதன் கீர்த்தி நெடிது நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. அவருடைய வர்ணங்களும் தில்லானாக்களும் ஒரு பெரிய வாத்தியக்காரர் ஓய்வு நேரத்தில் செய்த உபரிக் காரியங்கள் அல்ல. வாத்தியம் எதைச் சொல்ல வல்லது என்பதை ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ஒருவர், அந்த ஆராய்ச்சியின் முடிவுகளை எழுதிவைத்த ஏடுகள் என்பதே என் துணிபு.

வயலின் நம் நாட்டுக்கு வந்த வரலாறு யாவரும் அறிந்ததே. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளைய சகோதரரான பாலுஸ்வாமி தீக்ஷிதர், சென்னையில் ஐரோப்பிய வித்வான் ஒருவரிடம் இந்த வாத்தியத்தைப் பயின்று நம் இசைக்கு இசைவித்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இதில் தேர்ச்சி பெற்றுத் திருவனந்தபுரம் சமஸ்தானத்தை அலங்கரித்தபோது, சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மேனாட்டார் தோளில் தாங்கி நின்று வாசிக்கும் இக்கருவியை, நாம் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலக்காலின் கணுவருகே ஊன்றி, இடக்கை விரல்கள் தந்தியின்மீது தங்குதடையின்றி வழுக்கிச் செல்லும்படி அமைத்துக்கொண்டோம். தந்திகளையும் ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம் என்று நம் சுருதிக்கேற்பக் கூட்டிக்கொண்டோம். இவ்வளவு உரிமையுடன் ஏற்றுக்கொண்ட வாத்தியத்துக்கு நாம் அளித்த ஸ்தானம் மட்டும் நெடுங்காலம் பக்கவாத்தியம் என்பதாகவே இருந்தது. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடய்யா, துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடு முதலிய மகாவித்வான்கள் தோன்றி அதன் கௌரவத்தைப் படிப்படியாக உயர்த்தினார்கள். மேனாட்டிலோ, கொரெல்லியும் விவால்டியும் வாழ்ந்த காலந்தொட்டே, வயலின் வாசிப்பவர் வயலினுக்காக இயற்றுவது சர்வ சாதாரணமான காரியமாக இருந்து வந்திருக்கிறது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் வடபால், திருச்சிராப்பள்ளியை அடுத்த லால்குடிக்குச் சங்கீத உலகில் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. தியாகராஜ ஸ்வாமிகள் அவ்வூரிலிருந்த தம் சீடரின் வேண்டுகோளுக்கிணங்கி அங்கே எழுந்தருளி, ஸப்தரிஷீசுவரர் மீதும் ஸ்ரீமதி அம்பிகை மீதும் தோடி, கல்யாணி, பைரவி, மத்தியமாவதி, காம்போதி ஆகிய ராகங்களில் ஐந்து கிருதிகளை அருளிச் செய்தார். லால்குடி பஞ்சரத்தினம் என்று அவை வழங்கப்படுகின்றன. அந்தச் சீடரின் வழித்தோன்றலாக, 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி ஜயராமன் பிறந்தார். தந்தையார் வி. ஆர். கோபாலய்யரே குரு. அவருடைய கண்டிப்பும், ஓய்வறியாத அப்பியாச முறையும் இசையுலகில் பிரசித்தம். பன்னிரண்டு வயதிலேயே பிள்ளை மேடையேறிப் பக்கம் வாசிக்கத் தொடங்கிவிட்டான். ஸகோதரிகளும் வீட்டிலேயே பயின்றவர்கள். ஸ்ரீமதி பிரம்மானந்தம் வயலினிலும், பத்மாவதி அனந்தகோபாலன் வீணையிலும் சிறந்து விளங்கினார்கள். ஒரே கூரையின்கீழ் ஒரே பாடத்தைக் குரலும் வில்லும் மீட்டும் விரலும் வெவ்வேறு வகையில் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு இப்படி அக்குடும்பத்துக்கு அமைந்தது.

பக்கவாத்தியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அதை ஒரு தாழ்ந்த பணியாகக் கருதிவிடுவோர், அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வாய்க்கும் கல்வி எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அரியக்குடி ராமாநுஜய்யங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாசய்யர், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி அய்யர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அக்காலத்துப் பாடகர் திலகங்கள் அனைவருக்கும் ஜயராமன் வாசித்தார். இவர்களுள் ஒருவர் வழி மற்றொருவர் வழியன்று. அரியக்குடியின் பாட்டில் காலப்பிரமாணம் கச்சிதமாய் நடக்கும். எதையும் மிகையாக நீட்டாமல் உரிய இடத்தில் நிறுத்தும் அளவறிவு அங்கே பாடம். ஜி. என். பி.யின் பிருகாக்கள் மின்னல்போல் மூன்று ஸ்தாயியையும் தொட்டுத் திரும்பும். அவற்றை அடுத்த கணமே வில்லில் எதிரொலிக்க வேண்டுமானால், ஸ்வரங்கள் எந்த இடத்தில் பிரிந்தன, எந்த இடத்தில் ஒன்றோடொன்று இழைந்தன என்பது செவியில் அப்பொழுதே பதிந்தாக வேண்டும். மதுரை மணி அய்யரின் கல்பனாஸ்வரங்களோ ஸர்வலகுவாகத் தாமே பெருகி ஓடும். கணக்கை மறைத்துவிட்டுச் சுகத்தை மட்டும் வெளிக்காட்டும் வித்தை அது. ஆலத்தூராரின் பல்லவிகளில் லயத்தின் நுட்பங்கள் கண்ணெதிரே விரியும். இத்தனை வழிகளையும் புத்தகத்தில் படித்தல்ல, சபையில் ஆயிரம்பேர் முன்னிலையில், பாடியவர் வாய்மூடிய மறுகணமே பதில் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் அவர் கற்றார். பிறருடைய கற்பனை எங்கே போகும் என்பதை முன்கூட்டி அறியும் செவியே ஓர் இயற்றுபவருக்குத் தேவையான முதல் சாதனம்; அதை அவருக்கு அளித்தது பக்கவாத்தியப் பீடமே.

இந்தச் செவியின் பயனாக உருவானதுதான் லால்குடி பாணி என்று இன்று வழங்கும் வாசிப்பு. வயலின் பாட வேண்டும் என்பது அதன் ஸாரம். பாட வேண்டும் என்று எல்லாரும் சொல்வதுண்டு. அவர் சொன்னதோடு நில்லாமல், சாகித்யத்தின் ஒவ்வோர் அட்சரத்துக்கும் வில்லின் போக்கை வகுத்தார். ஒரு கீர்த்தனத்தின் பல்லவியை அவர் வாசிக்கும்போது, வல்லெழுத்து வரும் இடத்தில் வில் சற்று அழுந்தி வெட்டும். மெல்லெழுத்து வரும் இடத்தில் அழுத்தம் தளரும். நெட்டெழுத்தில் வில் திரும்பாமல் நீளும். ஒரு சொல் முடிந்து மறுசொல் தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்குவதுபோல் ஓர் இடைவெளி விழும். பாட்டை முன்பே அறிந்த ரஸிகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செவியில் விழுவதை உணரலாம். இடக்கையிலோ விரல்கள் ஸ்வரஸ்தானங்களில் தனித்தனியே குந்தி நிற்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஜாருவாக நழுவி, இடைப்பட்ட நுண்சுருதிகளையெல்லாம் தொட்டுக்கொண்டு செல்லும். ஸமகாலத்தில் டி. என். கிருஷ்ணனும் எம். எஸ். கோபாலகிருஷ்ணனும் அவருடன் சேர்ந்து வயலின் மும்மூர்த்திகள் என்று போற்றப்பட்டார்கள். கிருஷ்ணனின் அலையாத இனிமைக்கும், பறூர் வழியில் வந்த கோபாலகிருஷ்ணனின் அசாத்தியமான விரலோட்டத்துக்கும் நடுவே, ஜயராமனின் தனிச்சொத்து இந்தப் பேசும் வில்தான்.

1965-ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில் அவருடைய வாசிப்பைக் கேட்டு யெஹுதி மெனுஹின் தம் இத்தாலிய வயலின் ஒன்றையே அவருக்குப் பரிசளித்ததும், மறு ஆண்டில் என். ரமணியின் புல்லாங்குழலையும் ஆர். வேங்கடராமனின் வீணையையும் தம் வயலினோடு இணைத்து வயலின், வேணு, வீணை என்னும் சேர்க்கைக் கச்சேரியை அவர் தொடங்கியதும் பலரும் எழுதியுள்ள செய்திகள். முன்னதைவிடப் பின்னதே நம் விஷயத்துக்கு முக்கியம். மூன்று வாத்தியங்கள் ஒரே உருப்படியை வாசிக்கும்போது, எந்தப் பகுதியை எது எடுத்துக்கொள்வது, எங்கே மூன்றும் கூடுவது, எங்கே ஒன்று மட்டும் தனித்து நிற்பது என்றெல்லாம் முன்னதாகவே திட்டமிட வேண்டும். ஸத்தியமாகச் சொன்னால் இது இயற்றுதலுக்கு அடுத்த படி.

இனி அவர் இயற்றியவற்றைப் பார்ப்போம். கிருதிகளும் சில அவர் செய்திருக்கிறார். ஆயினும் அவருடைய உள்ளம் முழுமையாக ஈடுபட்டது வர்ணத்திலும் தில்லானாவிலுமே. ஒன்று கச்சேரியின் தொடக்கத்தில் வருவது; மற்றொன்று முடிவில் வருவது. நடுவில் கொலுவீற்றிருக்கும் கிருதியை விட்டுவிட்டு இவ்விரண்டையும் அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்விக்கு, கிருதித் துறையில் மும்மூர்த்திகள் செய்ததற்கு மேல் செய்வதற்கு ஏதுமில்லை என்ற அடக்கமே காரணம் என்று சிலர் கூறுவதுண்டு. எனக்கு அது போதிய ஸமாதானமாகத் தோன்றவில்லை. வர்ணத்தில் சாகித்யம் மிகச் சில சொற்களே; அவையும் நீண்டு நீண்டு ஒலித்து, ராகத்தின் பிரயோகங்களுக்கு ஒரு கொம்பாக மட்டுமே உதவுகின்றன. பல்லவி, அநுபல்லவி, முத்தாயி ஸ்வரம், சரணம், எத்துகடை ஸ்வரங்கள் என்று செல்லும் அதன் அமைப்பில் பெரும்பகுதி ஸ்வரம். தில்லானாவிலோ சரணத்தில் வரும் ஓரிரண்டு அடிகள் நீங்கலாக மற்றவை அனைத்தும் ஜதிச் சொற்கள். சொல்லின் பொருள் ஆட்சி செலுத்தும் இடத்தில் குரலுக்கு வாத்தியம் ஈடாக முடியாது. ஸ்வரமும் ஜதியும் ஆளும் இடத்திலோ குரலும் வாத்தியமும் ஸமமாக நிற்கின்றன. அங்கே குரல்தான் வாத்தியத்தின் பாஷையைப் பேச வருகிறது. ஒரு வயலின் வித்வான் தம் முழு உரிமையோடு ஆட்சி செய்யக்கூடிய மண்டலங்கள் இவை இரண்டே என்பதை அவர் கண்டுகொண்டார்.

வர்ணம் என்பது ராகத்தின் இலக்கணமும் நிகண்டும் ஒன்றாய் அமைந்த நூல். பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் அடதாள பைரவி வர்ணத்தைச் செம்மையாகக் கற்றவனுக்குப் பைரவியில் தெரியாத பிரயோகம் மிகக் குறைவு. பட்டணம் சுப்பிரமணிய அய்யரின் ஆபோகி வர்ணமும், பூச்சி ஸ்ரீநிவாசய்யங்காரின் மோகன வர்ணமும் இப்படியே தலைமுறை தலைமுறையாக மாணாக்கரின் கையிலும் குரலிலும் ராகத்தை எழுதி வைத்து வந்திருக்கின்றன. இந்தப் பெரியோரின் வரிசைக்குப் பின், வர்ணம் இயற்றும் கலை நலிந்து, பழையவற்றைத் திரும்பத் திரும்பப் பாடுவதே வழக்கமாகிவிட்ட தறுவாயில், ஜயராமன் அதற்குப் புத்துயிர் அளித்தார். அவர் எடுத்துக்கொண்ட ராகங்களைக் கவனித்தால் அவருடைய நோக்கம் புலனாகும். நளினகாந்தி என்றால் தியாகராஜரின் ‘மனவியாலகிஞ்சரா’ என்ற ஒரே கிருதிதான் நினைவுக்கு வரும், கருடத்வனியும் அத்தகையதே. இவற்றிலெல்லாம் அவர் வர்ணம் செய்தார். கருடத்வனியின் இயல்பு விசித்திரமானது: ஏறும்போது ஏழு ஸ்வரங்களும் சங்கராபரணத்தைப்போல் வரிசையாக வரும், இறங்கும்போது மத்தியமமும் நிஷாதமும் விடுபட்டு மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களே எஞ்சும். பிலஹரியைத் தலைகீழாகக் கவிழ்த்ததற்கொப்பான இந்த அமைப்பில், ஏற்றத்தில் சங்கராபரணத்தின் சாயல் விழாமலும் இறக்கத்தில் மோகனத்தின் சாயல் விழாமலும் ஒரு வர்ணம் முழுவதையும் நடத்திச் செல்வது லேசான காரியமன்று. ஒரு கிருதியின் நிழலில் வாழ்ந்துகொண்டிருந்த ராகத்துக்குத் தனி வீடு கட்டித்தந்த உபகாரம் இது.

வலஜி வர்ணத்தையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்ற ஐந்தே ஸ்வரங்களாலான ராகம். ரிஷபமும் மத்தியமமும் இல்லாமையால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளி அகன்றிருக்கும். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் அந்த அகன்ற படியைக் குரல் வெறுமனே தாவிவிட்டால் வறண்டுபோகும். தந்தியின்மீது விரல் வழுக்கிச் சென்று அந்த இடைவெளியை நாதத்தால் நிரப்பும்போது ராகம் பேசத் தொடங்குகிறது. இன்று வலஜி பயில வரும் மாணாக்கர் பலருக்கு இந்த வர்ணமே முதற்படி. பாடகர்கள் அதைப் பாடும்போது, தாம் அறிந்தோ அறியாமலோ, அவருடைய இடக்கை விரல் சென்ற வழியிலேயே தம் குரலைச் செலுத்துகிறார்கள்.

பத வர்ணத் துறையில் அவர் செய்தது இதனினும் பெரிது என்பேன். தானவர்ணத்தில் ஸ்வரத்துக்குச் சாகித்யம் கிடையாது. நாட்டியத்துக்குரிய பத வர்ணத்தில் முத்தாயி ஸ்வரத்துக்கும் சரண ஸ்வரங்களுக்கும்கூடச் சொல் அமையும். ஸ்வரத்துக்கு ஆடியவள் அதே இசைக்கு வரும் சொல்லுக்கு அபிநயம் பிடிப்பாள். ஆகவே ஒரே ஸ்வரவரிசை காலுக்கும் கண்ணுக்கும் ஒருங்கே பொருந்த வேண்டும். தஞ்சை நால்வர் வகுத்த இந்த வழியில், சாருகேசி ராகத்தில் ‘இன்னும் என் மனம்’ என்று தொடங்கும் வர்ணத்தை ஜயராமன் இயற்றினார். கண்ணனிடம் மனத்தைப் பறிகொடுத்த நாயகி, தன் நிலை அறியாதவன்போல் இருக்கும் அவனை இடித்துரைக்கும் பாவம் அதன் பொருள். சாருகேசியின் மேல்பாதியில் சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் அமைந்திருப்பதால் அங்கே ஏக்கமும், கீழ்ப்பாதியில் அந்தர காந்தாரம் இருப்பதால் அங்கே ஒளியும் பிறக்கும். ஊடலும் ஆசையும் ஒரே மூச்சில் வெளிப்பட வேண்டிய நாயகிக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான ராகம் கிடைப்பது அரிது. அரங்கேற்ற மேடையில் இந்த வர்ணம் இன்று பெற்றிருக்கும் ஸ்தானம், நால்வரின் வர்ணங்களுக்கு அடுத்தபடியான ஸ்தானம் என்று சொன்னால் மிகையாகாது. ‘செந்தில் நகர் மேவும்’ என்ற நீலாம்பரி வர்ணம் வேறொரு வகையில் துணிச்சலானது. தாலாட்டுக்கென்றே பெயர்போன நீலாம்பரி விரைந்த ஸ்வரக்கோவைகளைத் தாங்காது. ஸ்வரங்களைத் தட்டையாக உச்சரித்தாலே ராகம் கலைந்துவிடும். அப்படிப்பட்ட ராகத்தில், ஸ்வரத்தையே உயிராகக் கொண்ட உருவம் ஒன்றை எழுப்பியது, தந்தியின்மீது அந்த ராகத்தோடு நெடுநாள் பழகியவருக்கே கைகூடும்.

மதுரை மீனாட்சியைப் பற்றிய ‘அங்கயற்கண்ணி’ நவரஸ வர்ணம் இவற்றின் மகுடம். ஒன்பது ரஸங்களுக்கு ஒன்பது ராகங்கள் அமைத்துப் பிலஹரியில் தொடங்கிச் செல்லும் இந்த மாலிகையில், ராகத்துக்கு ராகம் மாறுகிற இடங்களே கலைஞனின் கைவண்ணத்தை விளக்குகின்றன. தண்டாயுதபாணிப் பிள்ளையின் நவராகமாலிகை வர்ணம் இதற்கு முன்னோடி. ஆனால் ஒவ்வொரு ராகத்தையும் ஒரு ரஸத்தின் பொறுப்பில் ஒப்படைத்து, தேவியின் சரித்திரத்தையே அதன் வழியே நடத்திச் செல்வது ஜயராமனுடைய கற்பனை.

தில்லானாவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிய எந்தக் கட்டுரையும் நிறைவெய்தாது. வடநாட்டுத் தரானாவோடு உறவுடைய இந்த உருவம் சுவாதித் திருநாள் காலத்திலும் தஞ்சை நால்வர் காலத்திலும் நம்மிடையே வேரூன்றியது. பிற்காலத்தில் பல்லவி சேஷய்யரும் பூச்சி அய்யங்காரும் அதை லயநுட்பத்தின் களமாக்கினார்கள். ஜயராமன் அந்த லயநுட்பத்தைக் கைவிடாமலே அதற்கு ராகரஸத்தை ஊட்டினார். தேஷ், ராகேஸ்ரீ, த்விஜாவந்தி, பஹாடி, ஸிந்துபைரவி, காபி, பீம்ப்ளாஸ், மதுவந்தி, திலங் என்று அவர் தேர்ந்த ராகங்கள் பெரும்பாலும் வடநாட்டு மணம் கமழ்பவை. மூன்று மணி நேரக் கச்சேரியின் கனமான பகுதிகள் முடிந்து, சபையோரின் மனம் இளகியிருக்கும் வேளைக்கு உகந்தவை அவை.

மோகனகல்யாணித் தில்லானாவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் பிரசித்தப்படுத்திய இந்த ராகம், ஏறும்போது மோகனமாகவும் இறங்கும்போது கல்யாணியாகவும் நடப்பது. தைவதத்திலிருந்து நிஷாதத்தைத் தொடாமலே மேல்ஷட்ஜத்தை எட்ட வேண்டும். எட்டித் திரும்பியவுடன் அதே நிஷாதத்தையும், அதற்குக் கீழே பிரதி மத்தியமத்தையும் தழுவிக்கொண்டு இறங்க வேண்டும். ஏற்றத்தில் ஒளித்துவைத்ததை இறக்கத்தில் வெளிப்படுத்தும் இந்த இன்பத்தைத் தில்லானாவின் துரித நடையில் திரும்பத் திரும்பப் பெறும்போது, கேட்பவர் மனம் ஒவ்வொரு முறையும் புதிதாக மகிழ்கிறது. அதன்மேல் ஜதிகள் அமர்ந்திருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ‘தீம்’ என்ற சொல் வரும்போது வில் முழு நீளத்துக்கும் ஓடலாம். ‘தன’, ‘திரன’ என்ற சிற்றொலிகள் வரும்போது வில் நுனியில் துள்ள வேண்டும். தில்லானாவின் சொற்கள் பொருளற்றவை என்று சொல்வது வழக்கம். வயலின்காரருக்கு அவை பொருளுள்ளவை; ஒவ்வொரு சொல்லும் வில்லின் ஓர் அசைவுக்குப் பெயர். இந்த உண்மையை உள்ளத்தில் கொண்டு அவர் தில்லானாக்களைக் கேட்டால், நாட்டியக்காரியின் பாதமும் வயலினின் வில்லும் ஒரே ஆணைக்குக் கட்டுப்பட்டு இயங்குவதுபோல் தோன்றுவதன் ரகசியம் விளங்கும்.

அவர் பிறந்த அதே 1930-ஆம் ஆண்டில் பிறந்தவர் மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா. அவரும் வாக்கேயகாரர், அவரும் வயோலா வாத்தியத்தில் வல்லவர், தில்லானாவில் அவருக்கும் பெருங்கீர்த்தி உண்டு. இருவரையும் ஒப்பிட்டு ஆராய்வது பயனுடையது. பாலமுரளியின் கதனகுதூகலத் தில்லானா, மூன்று ஸ்தாயியிலும் சிரமமின்றி உலவும் ஓர் அபூர்வக் குரலின் குதூகலத்திலிருந்து பிறந்தது; அதைப் பாட அவரைப் போன்ற குரல் வேண்டும் என்று பாடுகிறவர்களுக்குத் தோன்றுகிறது. ஜயராமனுடையவை குரலைப் பாவித்த ஒரு வாத்தியத்திலிருந்து பிறந்தவை. எதிரெதிர்க் கரைகளிலிருந்து புறப்பட்டவர்களாயினும், நாட்டிய உலகம் இருவரையும் ஏற்றுக்கொண்டது. சற்று அதிகமாக ஜயராமனை ஏற்றுக்கொண்டது என்பது என் கணிப்பு.

மறுப்புரைகளையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய சாகித்யத்தில் கவித்துவம் குறைவு என்பது ஒன்று. இதை நான் பெரும்பாலும் ஒப்புக்கொள்வேன். தமிழிலும் தெலுங்கிலும் அவர் அமைத்த சொற்கள் செவிக்கு இனியவை, இசைக்கு இணங்கியவை. ஆனால் பழைய பக்திப் பாடல்களும் பதங்களும் வழங்கிவந்த சொற்களஞ்சியத்தைத் தாண்டிச் செல்பவை அல்ல. கோபாலகிருஷ்ண பாரதியாரிடமும் அருணாசலக் கவிராயரிடமும் நாம் பெறும் சொல்லின்பத்தை இவரிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வடநாட்டு ராகங்களில் அளவுகடந்த மோகம் என்பது மற்றொன்று. தில்லானாவைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆயினும் வர்ணங்களில் நீலாம்பரியும் நளினகாந்தியும் கருடத்வனியும் ஆட்சி செலுத்துவதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். கணக்கு மிகுந்துவிட்டது என்பாரும் உளர். அவர்கள் ஒரு தில்லானாவைத் தாளம் போடாமல் கேட்டுப் பார்க்கட்டும்: கணக்கு எங்கே இருக்கிறது என்பதே தெரியாதபடி ராகம் அதை மூடியிருக்கும். மதுரை மணி அய்யரின் அருகிலிருந்து கற்ற பாடம் வீண்போகவில்லை.

பிற்காலத்தில் அவர் தம் பணியை இன்னும் விரித்தார். 1994-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ‘ஜய ஜய தேவி’ என்னும் இசை நாட்டிய நாடகம் அரங்கேறியது. சாரதா ராமநாதன் இயக்கிய ‘சிருங்காரம்’ என்ற தமிழ்ப் படத்துக்கு, எழுபதைக் கடந்த வயதில், இசையமைத்தார். 2005-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது. 1972-ல் பத்மஸ்ரீயும் 2001-ல் பத்மபூஷணும் வந்தன. இவற்றைவிட மகத்தான பேறு, அவருடைய குமாரர் ஜி. ஜே. ஆர். கிருஷ்ணனும் குமாரி விஜயலட்சுமியும் வயலினிலும், பம்பாய் ஜயஸ்ரீ முதலானோர் வாய்ப்பாட்டிலும் அந்தப் பாணியைத் தொடர்ந்து வளர்த்து வருவதே. ஒரு வயலின் வித்வானிடம் பாடகர்கள் குருகுலவாசம் செய்ய வந்தார்கள் என்ற உண்மையில், பக்கவாத்தியத்தின் பழைய ஸ்தானம் எவ்வளவு தூரம் மாறிவிட்டது என்பது அடங்கியிருக்கிறது.

இந்நிலையில் ஒரு குறையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாட்டிய மேடையின் அவசரத்துக்காக அவருடைய பத வர்ணங்களின் எத்துகடை ஸ்வரங்கள் குறைக்கப்படுகின்றன. தில்லானாக்கள் கையிலிருந்து கைக்கு மாறும்போது கமகங்கள் உதிர்ந்து, எலும்புக்கூடு மட்டும் எஞ்சுகிறது. அரங்கேற்ற அழைப்பிதழ்களில் ஆடுபவர் பெயரும் ஆட்டுவிப்பவர் பெயரும் பெரிய எழுத்தில் விளங்க, இயற்றியவர் பெயர் பலமுறை இடம் பெறுவதே இல்லை. 2030-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவருடைய நூற்றாண்டு வருகிறது. அதற்குள், அவருடைய மாணாக்கரிடம் வழங்கும் பாடாந்தரங்களை ஒப்பிட்டு, கமகக் குறிப்புகளோடும் வில்லின் போக்கைக் காட்டும் அடையாளங்களோடும், வர்ணங்கள், தில்லானாக்கள் அனைத்தையும் ஒரே பதிப்பாக வெளியிடும் பொறுப்பைச் சங்கீத ஸ்தாபனங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். சபைக் காரியதரிசிகள் டிசம்பர் மாதத்தில் ஒரு மாலையையேனும் அவருடைய வர்ணங்களைக் குறைக்காமல் பாடுவதற்கென்று ஒதுக்கித் தர வேண்டும். நாட்டிய ஆசிரியர்கள் அழைப்பிதழில் அவர் பெயரைத் தவறாமல் அச்சிட வேண்டும்.